வேர்டில் புது ஆவணம் திறந்ததுமே தமிழ் நமக்கு வேண்டிய எழுத்துருவில், அளவில் வர என்ன வழி?

தக்கலை_தட்டச்சு · திங்கள், இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். தக்கலையில் சின்னதாக ஒரு தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம், பத்திர வரைவு, மனு, பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை என்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது ஆவணமாவது புதிதாகத் திறப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே வேலைதான். எழுத்துருவை லதாவுக்கு மாற்ற வேண்டும், அளவை 13 ஆக்க வேண்டும், பத்திக்குப் பத்தி தானாக விழும் இடைவெளியை எடுக்க வேண்டும், தாளை லீகல் ஆக்க வேண்டும், அளவுகோலை அங்குலத்திலிருந்து சென்டிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். காலை ஏழரைக்கே ஆட்கள் வந்து நிற்பார்கள். பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்களை நிறுத்தி வைத்துக்கொண்டு நான் எழுத்துரு மாற்றிக்கொண்டிருப்பது எனக்கே பொறுக்கவில்லை.

நான் செய்து பார்த்தது இதுதான்: கண்ட்ரோல் டி அழுத்தி, ஃபான்ட் பெட்டியில் லதா, 13 என்று கொடுத்து, கீழே 'செட் ஆஸ் டீஃபால்ட்' அழுத்தினேன். எல்லா ஆவணத்துக்கும் என்றும் சொன்னேன். மறுபடி திறந்தால் ஆங்கிலம் லதாவில் வருகிறது, தமிழ் பழையபடி வேறு ஏதோ எழுத்துருவில், 11 அளவில் நிற்கிறது. எங்கே தவறு? விண்டோஸ் 10 கணினி.

வடசேரி_டிடிபி · திங்கள், இரவு 9:48

தங்கச்சி, நீங்கள் செய்தது சரிதான். ஆனால் பாதிதான் செய்திருக்கிறீர்கள். வேர்டுக்குள் எழுத்துரு என்பது ஒரு இடத்தில் இல்லை. ஆங்கிலம் மாதிரி எழுத்துகளுக்கு ஒரு அறை, தமிழ், மலையாளம், இந்தி, அரபி மாதிரி எழுத்துகளுக்கு இன்னொரு அறை. இரண்டாவது அறைக்கு அவர்கள் வைத்த பெயர் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ். எழுத்துரு மட்டுமல்ல, அளவும் தடிமனும்கூட இரண்டுக்கும் தனித்தனி. நீங்கள் முதல் அறையில் லதா 13 வைத்தீர்கள். தமிழ் இரண்டாவது அறையைப் பார்த்துப் பழைய 11-லேயே நின்றுவிட்டது.

உங்கள் ஃபான்ட் பெட்டியில் அந்த இரண்டாவது அறை கண்ணில் பட்டதா? பட்டிருக்காது என்று நினைக்கிறேன். தமிழை எழுதும் மொழியாகச் சேர்த்தால்தான் அது தெரியும். ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் என்று போய், எழுதும் மொழிகள் பட்டியலில் தமிழைச் சேருங்கள். வேர்டை மூடித் திறங்கள். இப்போது கண்ட்ரோல் டி அழுத்தினால் மேலே லத்தீன் எழுத்துக்கு ஒரு வரிசையும் அதற்குக் கீழே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று இன்னொரு வரிசையும் இருக்கும். கீழ் வரிசையில் லதா, 13. மேல் வரிசையில் ஆங்கிலத்துக்கு எது வேண்டுமோ அது. அப்புறம் செட் ஆஸ் டீஃபால்ட். அது கேட்கும் கேள்வியில் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்: நார்மல் டெம்ப்ளேட்டை, அதாவது புது ஆவணத்துக்கெல்லாம் வேர்ட் அடிப்படையாக எடுக்கும் மாதிரிக் கோப்பை, வைத்துப் பிறக்கும் எல்லா ஆவணங்களுக்கும்.

பத்தி இடைவெளிக்கும் இதே வழிதான். ஹோமில் பாராகிராஃப் பெட்டியைத் திறந்து 'ஆஃப்டர்' என்ற இடத்தில் 0 வைத்து, அங்கேயும் செட் ஆஸ் டீஃபால்ட். 2013 முதல் வந்த வேர்டில் பத்திக்குப் பின் 8 புள்ளி, வரிக்கு 1.08 என்று வைத்திருந்தார்கள். அது ஆங்கிலத்தை நினைத்து வைத்த அளவு. தமிழில் கொம்பும் சுழியும் மேலே கீழே நீள்வதால் எனக்கு 1.15 கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். வரி இடைவெளியில் 'எக்ஸாக்ட்லி' வைத்துக் குறைத்துவிடாதீர்கள். கீ, டீ, மீ எல்லாம் தலை வெட்டுப்பட்டுத் திரையில் நிற்கும்.

அளவுகோலுக்கு: ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, கீழே உருட்டினால் டிஸ்ப்ளே பகுதி. அளவு எந்த அலகில் காட்ட வேண்டும் என்ற இடத்தில் சென்டிமீட்டர்ஸ்.

தக்கலை_தட்டச்சு · திங்கள், இரவு 10:20

அண்ணாச்சி, வந்துவிட்டது! அந்த இரண்டாவது வரிசை இதுவரை என் கண்ணில் பட்டதே இல்லை. எட்டு வருடமாக இந்த மெஷினில் தட்டுகிறேன். தாளையும் லீகல் ஆக்கி, பேஜ் செட்டப்பில் செட் ஆஸ் டீஃபால்ட் கொடுத்துவிட்டேன். நாளைக்குக் கடையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஓய்வு_வாத்தியார் · செவ்வாய், காலை 6:35

நல்ல இழை. என் கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். தோவாளைப் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கண்புரை அறுவை முடிந்து நாலு மாதம் ஆகிறது. இந்தப் பக்கத்துப் பூக்கட்டும் தொழில் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். ஆவணம் 100 விழுக்காட்டில் திறக்கிறது, எனக்கு 160 வேண்டும். ஒவ்வொரு முறையும் கீழ் மூலையில் இழுக்க வேண்டியிருக்கிறது. எழுத்தின் அளவையே 20 ஆக்கிவிடு என்று பேரன் சொல்கிறான். அப்படிச் செய்தால் அச்சிலும் பெரிதாகிவிடுமே?

வடசேரி_டிடிபி · செவ்வாய், காலை 8:05

சார், நீங்கள் நினைப்பதுதான் சரி. எழுத்தளவு தாளைச் சேர்ந்தது, ஸூம் உங்கள் கண்ணைச் சேர்ந்தது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றக் கூடாது.

ஸூமுக்கு செட் ஆஸ் டீஃபால்ட் பொத்தான் கிடையாது. நார்மல் டெம்ப்ளேட் என்று மேலே சொன்னேனே, அந்தக் கோப்பையே திறந்து மாற்ற வேண்டும். கோப்பின் பெயர் நார்மல், பின்னொட்டு டாட்எம். உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் என்று உள்ளே உள்ளே போனால் கிடைக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் கோப்புறை, எக்ஸ்ப்ளோரரின் வியூவில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். கவனம்: கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் அது திறக்காது, அதை வைத்து ஒரு புது ஆவணம் பிறந்துவிடும். வலது கிளிக் செய்து 'ஓப்பன்' கொடுக்க வேண்டும். திறந்ததும் ஸூமை 160 ஆக்குங்கள். ஒரு இடைவெளி தட்டி அதை அழியுங்கள். எழுத்தில் எதுவும் மாறவில்லை என்றால் சேமிக்க ஒன்றும் இல்லை என்று வேர்ட் நினைத்துவிடும், அதற்காகத்தான் இது. பிறகு சேமித்து மூடுங்கள்.

இனிமேல் நீங்கள் புதிதாகத் திறப்பது எல்லாம் 160-ல் வரும். ஆனால் மற்றவர்கள் அனுப்பும் கோப்பு அவர்கள் கடைசியாகச் சேமித்த ஸூமில்தான் திறக்கும். அது அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது. அதை ஒரு முறை மாற்றிச் சேமித்துக்கொள்ள வேண்டியதுதான்.

களியக்காவிளை_எல்லை · செவ்வாய், பிற்பகல் 1:15

லதா வைக்கச் சொல்லும் இடத்தில் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் ஒரே ஆவணத்தில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். விளவங்கோடு தாலுகாவில் பழைய நிலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால் திருவிதாங்கூரில் எழுதியவை. அதிலிருந்து சில வரிகளை அப்படியே எடுத்து, கீழே தமிழில் விளக்கம் எழுதுவது என் வேலை.

அண்ணாச்சி சொன்ன அந்த இரண்டாவது அறை தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. லதாவில் மலையாள எழுத்து கிடையாது. அங்கே லதா வைத்தால் மலையாளம் வரும்போது வேர்ட் வேறொரு எழுத்துருவை எடுத்து ஒட்டும். வரி உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் பக்கம் அலைபாயும். நான் நிர்மலா வைத்திருக்கிறேன். விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது, தமிழ், மலையாளம், தேவநாகரி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. அழகில் லதாவுக்கு ஈடு இல்லை என்று எங்கள் மாமா சொல்வார். ஆனால் இரண்டு மொழியும் ஒரே உயரத்தில் நிற்பது எனக்கு முக்கியம்.

இன்னொன்று, லதா எல்லாக் கணினியிலும் இருக்காது. விண்டோஸ் 10-ல் லதாவும் விஜயாவும் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று தனியே சேர்க்க வேண்டிய பகுதியில் இருக்கின்றன. உங்கள் திரையில் லதா தெரிவதால் வாங்குகிறவர் திரையிலும் தெரியும் என்று நம்ப வேண்டாம் அக்கா. ஆப்ஷன்ஸில் 'சேவ்' பகுதியில் எழுத்துருவைக் கோப்புக்குள் பதித்து அனுப்ப ஒரு டிக் இருக்கிறது. கோப்பு கொஞ்சம் கனக்கும், ஆனால் வரி ஓடாது.

குளச்சல்_கரை · செவ்வாய், இரவு 8:30

நாங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டுகிறோம். கடற்கரை ஊர்ச் சங்கத்துக் கடிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மீனவர் நிவாரணம் கேட்டு ஒரு மனு. "கடல் சீற்றத்தால் பத்து நாள் தொழில் இல்லை" என்று தொடங்கும் வரியைத் தட்டினேன். அச்சில் "குடல் சீற்றத்தால்" என்று வந்தது. படித்துப் பார்க்காமல் பெரியவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பத்து நாள் வலை நனையாமல் கிடந்த வீட்டுக்காரர்களின் மனு அது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் கடல் என்றுதான் தட்டினேன், உறுதியாகத் தெரியும். எப்படி மாறியது?

வடசேரி_டிடிபி · செவ்வாய், இரவு 9:25

மக்கா, உன் கை தவறவில்லை. பாமினியில் க என்பது ஆங்கில எஃப்பின் சின்ன எழுத்து. அதே எஃப்பின் பெரிய எழுத்து கு. வேர்டுக்கு நீ தட்டுவது தமிழ் என்று தெரியாது, ஆங்கில எழுத்து என்றே அது பார்க்கிறது. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதல் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு தானியங்கித் திருத்தம் முதலிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. வரித் தொடக்கத்தில் நீ தட்டிய சின்ன எஃப்பை அது பெரிதாக்கியது, கடல் குடலாகிவிட்டது. இதே போல அ ஆ ஆகும், ம மு ஆகும். 'அரசு' என்று தொடங்கினால் 'ஆரசு'. 'மீனவர்' என்று தொடங்கினால் முவுக்கு மேல் சுழி ஏறி, படிக்கவே வராத ஒரு எழுத்து வரும்.

ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ். அங்கே வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வரியில் டிக்கை எடு. அதற்கு மேலே, தொடர்ந்து வரும் இரண்டு பெரிய எழுத்தைத் திருத்தும் வரி ஒன்று இருக்கிறது, அதையும் எடு. வாரத்தின் நாள் பெயரைப் பெரிதாக்குவதையும் எடுத்துவிடு. திரை முழுக்கச் சிவப்புப் புழுவாக நெளிகிறதே, அதுவும் ஆங்கிலப் பிழை என்று அது நினைப்பதால்தான். பாமினிக்கு ஒரு தனி ஸ்டைல் செய்து, அதன் மொழி அமைப்பில் பிழை பார்க்க வேண்டாம் என்று வைத்தால் திரை சுத்தமாகும். மொத்தமாகப் பிழை திருத்தியை அணைக்காதே, ஆங்கிலக் கடிதத்துக்கு அது வேண்டும்.

ஆனால் புதிதாகத் தட்டுவதை யூனிகோடில் தட்டு, அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு உண்டு. 1999-ல் வந்த தமிழ்99 விசைப்பலகையை ஒரு வாரம் பழகினால் கை வந்துவிடும். அரசு அலுவலகங்களுக்கு யூனிகோடே முறை என்று 2010-லேயே தமிழ்நாடு அரசு ஆணையிட்டுவிட்டது. இருபத்திரண்டு வருடமாகப் பழைய எழுத்துருக்களில் தட்டியவன்தான் சொல்கிறேன், கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் பழையது போதும்.

மார்த்தாண்டம்_லிப்ரே · செவ்வாய், இரவு 10:40

வேர்டுக்குப் பதில் லிப்ரேஆபீஸ் ரைட்டர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் கோவில் மாத இதழை நான் அதில்தான் செய்கிறேன்.

ரைட்டரிலும் இதே இரண்டு அறைக் கதைதான். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழி அமைப்புகள் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டுக்கு டிக் போட்டு, தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்தால்தான் ரைட்டர் பகுதியில் தமிழுக்கான அடிப்படை எழுத்துரு என்ற பக்கம் தோன்றும். ஆனால் நான் அந்தப் பக்கத்தை நம்புவதில்லை. ஒரு வெற்று ஆவணம் திறந்து, எழுத்துரு, வரி, தாள், ஓரம் எல்லாம் ஸ்டைலில் சரிசெய்து, ஃபைல், டெம்ப்ளேட்ஸ், சேவ் ஆஸ் டெம்ப்ளேட் கொடுத்து, அங்கேயே இதை இயல்பு வார்ப்புரு ஆக்கு என்ற டிக்கையும் போட்டுவிடுவேன். பிடிக்கவில்லை என்றால் டெம்ப்ளேட் பெட்டியில் பழையதுக்குத் திரும்பவும் வழி இருக்கிறது.

கண்ட்ரோல் எஃப்10 அழுத்தினால் இடைவெளிப் புள்ளிகள், பத்திக்குறிகள் தெரியும், மறுபடி அழுத்தினால் மறையும். வேறு ஆள் தட்டிய கோப்பைக் கையில் எடுத்தால் நான் முதலில் செய்வது இதுதான். நடுவே கொண்டுவர இருபது தடவை இடைவெளி தட்டியிருக்கிறார்களா என்று உடனே தெரிந்துவிடும்.

தக்கலை_தட்டச்சு · புதன், இரவு 8:50

இரண்டு செய்தி. ஒன்று, முந்தாநாள் இரவு வைத்தது இன்று காலை போய்விட்டது! மறுபடி பழையபடி. இரண்டாவது, மத்தியானம் மறுபடி வைத்துவிட்டு ஒரு கல்லூரிப் பையனின் ப்ராஜெக்ட்டை ஆரம்பித்தேன். பதினொரு பக்கம் தட்டிய பிறகுதான் தாள் லீகல் என்று கவனித்தேன். ஏ4-க்கு மாற்றியதும் படம், அட்டவணை எல்லாம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டன. ஒரு மணி நேரம் போயிற்று.

வடசேரி_டிடிபி · புதன், இரவு 9:30

முதலாவதுக்கு ஒரு கேள்வி. நேற்று வேர்டை முறையாக மூடினீர்களா, இல்லை கரண்ட் போய் கணினி அணைந்ததா? நீங்கள் வைக்கும் இயல்புகள் நார்மல் கோப்பில் எழுதப்படுவது வேர்டை மூடும் நேரத்தில். அதற்கு முன்னால் மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. அமைப்பு மாற்றியதும் எல்லா வேர்ட் சாளரத்தையும் ஒரு முறை மூடித் திறந்துவிடுங்கள்.

இரண்டாவதுதான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. தாள் அளவை நார்மலில் வைக்கக் கூடாது. வாத்தியார் சாருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: எது உங்கள் கண்ணுக்கானது, எது அந்தத் தாளுக்கானது என்று முதலில் பிரியுங்கள். ஸூம், சென்டிமீட்டர், குறிகள் தெரிவது, தமிழ் எந்த எழுத்துருவில் தொடங்க வேண்டும் என்பது எல்லாம் உங்களுக்கானவை. லீகல் தாள், முத்திரைத்தாளுக்காக முதல் பக்கத்தில் மேலே விடும் பெரிய இடம், மனுவின் அனுப்புநர் பெறுநர் அமைப்பு, இவை அந்த வேலைக்கானவை. அவற்றுக்குத் தனித்தனி டெம்ப்ளேட் செய்யுங்கள். 'பத்திரம்', 'மனு', 'ப்ராஜெக்ட்' என்று மூன்று போதும். சேவ் ஆஸ் கொடுக்கும்போது வகையில் வேர்ட் டெம்ப்ளேட் என்று தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. பிறகு ஃபைல், நியூ, பெர்சனல் என்று போனால் மூன்றும் வரிசையாக இருக்கும்.

மார்த்தாண்டம்_லிப்ரே · புதன், இரவு 10:05

அண்ணே, இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. அக்கா கடையில் பத்தில் எட்டு வேலை லீகல் என்றால், நார்மலிலேயே லீகல் இருப்பதுதானே வேகம்? மீதி இரண்டுக்கு டெம்ப்ளேட் வைத்துக்கொள்ளலாமே. மனு நாள் காலையில் ஒரு கிளிக் அதிகம் என்றாலும் அதிகம்தான்.

வடசேரி_டிடிபி · புதன், இரவு 10:25

வேகம் சரி தம்பி. ஆனால் தவறு நடந்தால் எந்தப் பக்கம் நடக்கிறது என்று பார். பத்திரத்தை ஏ4-ல் தொடங்கிவிட்டால் முதல் பக்கத்திலேயே கண்ணில் படும், முத்திரைத்தாள் கையில் இருக்கிறதே. ப்ராஜெக்ட்டை லீகலில் தொடங்கினால் பதினொன்றாம் பக்கத்தில்தான் தெரியும். ஏ4-க்கு உயரம் 29.7 சென்டிமீட்டர், லீகலுக்கு 35.56. பக்கத்துக்கு ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் பதினொரு பக்கத்தில் இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடும். அதோடு கடையில் உதவிக்கு வரும் பிள்ளைகளுக்கு நார்மலுக்குள் என்ன வைத்திருக்கிறோம் என்று தெரியாது. 'மனு' என்று பெயர் போட்ட டெம்ப்ளேட் என்றால் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

கிளிக் குறைய ஒரு வழி இருக்கிறது. மூன்று டெம்ப்ளேட்டுக்கும் டெஸ்க்டாப்பில் குறுக்குவழி வைக்கலாம். டெம்ப்ளேட்டை இரட்டைக் கிளிக் செய்தால் புது ஆவணம் பிறக்கும் என்று வாத்தியார் சாரை எச்சரித்தேனே, இங்கே அதுவே நமக்கு வசதி.

மார்த்தாண்டம்_லிப்ரே · புதன், இரவு 10:31

டெஸ்க்டாப் குறுக்குவழி என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஓய்வு_வாத்தியார் · வியாழன், காலை 6:20

160 வந்துவிட்டது, மிக்க நன்றி. ஆனால் இன்று புதுச் சிக்கல். பக்கத்தின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் காணவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் மெல்லிய கோடு ஒன்று, உடனே அடுத்த பக்கம். பக்க எண்ணும் மறைந்துவிட்டது. டெம்ப்ளேட்டைத் தொட்டதில் எதையாவது கெடுத்துவிட்டேனா?

களியக்காவிளை_எல்லை · வியாழன், காலை 7:45

ஒன்றும் கெடவில்லை சார். இரண்டு பக்கங்கள் சந்திக்கும் இடத்தில் தெரியாமல் இரட்டைக் கிளிக் விழுந்திருக்கும். அந்தக் கோட்டின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் மறுபடி இரட்டைக் கிளிக் செய்யுங்கள், ஓரமும் பக்க எண்ணும் திரும்பிவிடும். அச்சில் எப்போதும் சரியாகத்தான் வரும், திரையில்தான் வெற்றிடத்தை மறைத்துக் காட்டுகிறது. ஆப்ஷன்ஸில் டிஸ்ப்ளே பக்கத்தின் முதல் டிக் இதற்கானதுதான்.

ஓய்வு_வாத்தியார் · வியாழன், காலை 8:10

திரும்பி வந்துவிட்டது. உங்களுக்குப் புண்ணியம். ஏற்கனவே அறுபது பக்கம் தட்டியிருக்கிறேன், ஒரு நிமிடம் பயந்துபோனேன்.

தக்கலை_தட்டச்சு · திங்கள், இரவு 9:05

மூன்று டெம்ப்ளேட்டும் செய்துவிட்டேன். 'மனு'வில் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முன்பே இருக்கிறது, பெயரும் ஊரும் மட்டும் நிரப்பினால் போதும். இன்று காலை மனு நாளில் ஒன்பது மணிக்குள் பதினான்கு மனு அடித்தேன். போன திங்கள் அந்த நேரத்துக்கு எட்டோ ஒன்பதோதான் ஆகியிருக்கும். தமிழை நிர்மலாவுக்கே மாற்றிவிட்டேன். மனுவைப் பிள்ளைகள் வாட்ஸப்பில் வாங்கிக்கொண்டு வெளியே எங்கேயோ அச்செடுக்கிறார்கள், அங்கே லதா இருக்குமா என்று யார் பார்ப்பது.

கடைசியாக ஒரு கேள்வி. அடுத்த மாதம் கணினியை ஃபார்மட் செய்ய வேண்டும். இவ்வளவும் திரும்ப முதலிலிருந்தா?

வடசேரி_டிடிபி · திங்கள், இரவு 9:40

வேண்டாம் தங்கச்சி. அந்த நார்மல் கோப்பையும் உங்கள் மூன்று டெம்ப்ளேட்டையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். புதிதாக வேர்ட் போட்டதும் ஒரு முறை திறந்து மூடுங்கள், டெம்ப்ளேட்ஸ் கோப்புறை உருவாகும். வேர்ட் மூடியிருக்கும்போது பழைய நார்மலை அங்கே புதியதன் மேல் வையுங்கள். எழுத்துரு, பத்தி இடைவெளி, ஸூம் எல்லாம் கூடவே வந்துவிடும். எப்போதாவது நார்மலே கெட்டுப்போனால் அதன் பெயரை மாற்றிவிட்டு வேர்டைத் திறங்கள். பழையபடி சுத்தமான ஒன்றை அது தானே செய்துகொள்ளும்.

தமிழை எழுதும் மொழியாகச் சேர்த்தது, சென்டிமீட்டர், ஆட்டோகரெக்ட் டிக்குகள், இவை அந்தக் கோப்பில் இல்லை, கணினியில் இருக்கின்றன. அவற்றை மறுபடி கையால் வைக்க வேண்டும். குளச்சல் தம்பி, உனக்கும்தான்: புது மெஷின் வாங்கினால் முதல் மனுவைத் தட்டுவதற்கு முன்னால் அந்த டிக்கை எடுத்துவிடு.

குளச்சல்_கரை · திங்கள், இரவு 9:52

எடுத்துவிடுகிறேன் அண்ணாச்சி. தமிழ்99-ம் தொடங்கிவிட்டேன், இன்று நாலாம் நாள்.